தாய்க்கிழங்கைத் தொடாத மருந்தெடுப்பு

ஆப்பிரிக்காவின் தென்பாகத்தில் கலஹாரி என்னும் மணற்பிரதேசம் உண்டு. புல்லும் முட்செடியும் ஆங்காங்கே மரமுமாக விளங்கும் அச்சீமையில் வாழும் ஸான் மக்கள் முதலியோர், தரையிற் படரும் ஒரு கொடியின் கிழங்கை நெடுங்காலமாக ஔஷதமாகக் கையாண்டு வருகின்றனர். அதன் காயிலுள்ள கொக்கிகள் கால்நடைகளின் குளம்பில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வெள்ளையர் அதற்குப் 'பிசாசின் நகம்' என்று பெயரிட்டனர். நம் வயலில் விளையும் எள்ளும், தரிசில் முளைக்கும் ஆனைநெருஞ்சிலும் அதற்கு உறவுமுறையே.

கிழங்கை உலர்த்திக் கஷாயமிட்டு வலி, சுரம், அஜீரணம் ஆகியவற்றுக்கு அருந்துவர்; புண்ணுக்கு மேற்பூச்சாகவும் இடுவர். கசப்போ மிகக் கடுமை. ஐரோப்பாவில் இது மூட்டுவலி மருந்தாக விற்பனையாகிறது. அங்குள்ள அதிகாரிகள் இதனைச் சிறிய வலிகளுக்கு, நீண்டகால வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டே அனுமதித்துள்ளனர். வயிற்றுப்புண் உடையோர் இதனை உட்கொள்ளலாகாது.

செடியின் அமைப்பை அறிதல் இங்கே முக்கியம். நடுவில் ஆழச் செல்லும் தாய்க்கிழங்கு ஒன்று. அதிலிருந்து பக்கங்களிற் கிளைக்கும் சேய்க்கிழங்குகள் பல. மருந்துச் சத்து மிகுந்திருப்பது சேய்க்கிழங்குகளில். மழையற்ற காலத்தில் கொடி காய்ந்தாலும் தாய்க்கிழங்கு உயிரோடிருந்து, மறுமழையில் மீண்டும் தழைக்கும். ஆதலின் பதமறிந்தவர் செடிக்குச் சற்று விலகித் தோண்டி, பக்கக் கிழங்கை மட்டும் அறுத்தெடுத்துக் குழியை மணலால் மூடுவர். மூடாது விட்டால் தாய்க்கிழங்கு வெளிப்பட்டு வாடிவிடும்.

வைத்தியர் தம் தேவைக்கு எடுத்தவரையில் தீங்கில்லை. நமீபியாவிலிருந்து 1962-ல் ஏற்றுமதி தொடங்கியபின் நிலைமை மாறிற்று. இடைத்தரகர் எடைக்குச் சொற்பக் கூலி தந்தனர். வறியவர் அவசரத்தில் தாய்க்கிழங்கையும் பெயர்த்தனர். 1977-ல் அச்செடி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, தோண்ட அநுமதிச்சீட்டு அவசியமாயிற்று. ஆயினும் தொலைதூர மணற்காட்டில் சீட்டைப் பரிசோதிப்பவர் யார்? 2000-ம் ஆண்டில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இதனைச் சேர்க்க ஜெர்மனி பிரேரித்தது. விளையும் தேசங்கள், தோண்டுவோர் பிழைப்புக் கெடும் என்று ஆட்சேபிக்கவே பிரேரணை வாபஸாயிற்று.

இதற்கு முன்னரே, 1990-களின் பிற்பகுதியில், நமீபியாவின் ஓமஹெகே பிரதேசத்தில் தோண்டுவோர் குழுவாகச் சேர்ந்து வேறொரு வழி கண்டனர். தாய்க்கிழங்கைத் தொடுவதில்லை, குழியை மூடுவது, துண்டுகளை மணல் ஒட்டாமல் வலையின்மேல் உலர்த்துவது என்று ஏற்பாடு செய்துகொண்டு, தரகரை விலக்கி ஏற்றுமதியாளரிடமே நேராக விற்றனர். சரக்குச் சுத்தமாயிருந்தமையால் விலையும் கூடிற்று. எடுத்த இடத்திற் செடி மறுபடி கிழங்கிடச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை குழுவினர் வேறிடம் தோண்டுவர்.