மலையேறும்போது மட்டும் கொதிப்பது ஏன்?

கேள்வி: என் 1960களின் பழைய கார் சித்தூரிலிருந்து திருப்பதி வரை தொல்லை தருவதில்லை. திருமலை ஏறும்போது மட்டும் இன்ஜின் கொதிக்கிறதே?
– வாசகர், சித்தூர்

பதில்: சமவெளியில் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைத் தருகிறது. 1974-ல் திறந்த இரண்டாவது மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது இன்ஜினுக்கு வேலை கூடுகிறது, காற்று குறைகிறது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதன் உறவான டிரையம்ப் ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற அக்காலக் கார்களில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும்.

உயரமும் ஒரு காரணம். திருமலையில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் கொதிநிலை உயரும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

முதலில் மூடியை மாற்றுங்கள். அதுதான் மலிவான வைத்தியம். பிறகு ரேடியேட்டரையும், இன்ஜின் பிளாக்கில் படிந்த துருச்சேற்றையும் கழுவச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட், இக்னிஷன் டைமிங் இரண்டையும் சரிபாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள்.

ஏறும் வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.