நெஞ்சுப் படபடப்புக்குச் சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகு கவனம்

சகோதரிகளே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிக்குதா? பயம், மனக்கவலைன்னு விட்டுடாதீங்க. அடிக்கும்போதே இ.சி.ஜி. எடுத்தால் காரணம் சுலபமாகப் பிடிபடும்.

சிலருக்கு இதயத்தில் மின்சாரம் தப்பான பாதையில் ஓடும். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்த இடத்தை மட்டும் சூடுவைத்து அடைப்பார்கள். இதுதான் 'அப்லேஷன்'. நெஞ்சைத் திறப்பதில்லை. முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கணும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நாம கோட்டை விடுறோம். வெளியே காயம் தெரியாததால் மறுநாளே தண்ணி எடுக்கச் சொல்லுவாங்க. நாமும் குடத்தைத் தூக்கிடுவோம். ஒரு வாரமாவது குடம், விறகு, புல்லுக்கட்டு எதுவும் கூடாது. அந்த வாரம் யார் தண்ணி எடுத்துத் தருவதுன்னு குழுக் கூட்டத்திலேயே பேசி வைங்க.

குழாய் விட்ட இடத்தில் ரத்தம் வந்தாலோ வீங்கினாலோ உடனே படுத்து, துணி வைத்து விடாமல் அழுத்தணும். அந்த இடமாச்சேன்னு கூச்சப்பட்டு மறைக்காதீங்க. பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, வேகமாகக் கொட்டினாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்க. சில வாரம் அங்கங்கே ஒரு துடிப்பு தவறுவதுபோல் இருப்பது சகஜம்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால், உடம்பு தேறிடுச்சேன்னு நீங்களாக நிறுத்தக்கூடாது.