அச்சமும் இடமறி ஆற்றலும்

வழியறிதல் கண்ணின் தொழில் என்பர் பலர். கண் காண்பது எதிரே நிற்பதை மட்டுமே. காணாத தெருவையும், கடந்துவந்த மூலையையும், மீளவேண்டிய திசையையும் உள்ளத்தே ஒருங்கு நிறுத்துவது பிறிதோர் ஆற்றல். அதனை இடமறி ஆற்றல் என்போம். நிலப்படத்தை ஊரோடு பொருத்திப் பார்ப்பதும் அதன் தொழிலே. மனவுளைச்சல் இவ்வாற்றலை எவ்வாறு தாக்குகின்றது என்பதை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாற்றலுக்கு இருக்கை யாது? மூளையின் உட்புறத்தே, இரு பாலும், கடற்குதிரை போல் வளைந்த உறுப்பொன்று உண்டு. அதனை ஹிப்போகாம்பஸ் என்பர். எலியொன்று குறித்த ஓர் இடத்தை அடையுங்கால் மட்டும் கிளர்ந்தெழும் உயிரணுக்கள் அவ்வுறுப்பில் உள்ளன என்பதை லண்டனில் ஜான் ஓகீஃப் 1971-இல் கண்டறிந்தார். 2014-இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

இனி, அச்சம் நேர்ந்தவிடத்துச் சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் ஒருவகை ஹார்மோனைக் குருதியிற் பெருக்குகின்றன. அது மனிதரிடத்துக் கார்ட்டிசால், எலிகளிடத்துக் கார்ட்டிகோஸ்டீரோன். எலியின் மூளையில் இந்த ஹார்மோனை மிகுதியாகப் பற்றிக்கொள்வது ஹிப்போகாம்பஸே என்று புரூஸ் மெக்கிவன் குழுவினர் 1968-இல் வெளியிட்டனர். ஆகவே, வழி எழுதப்பட்டிருக்கும் ஏட்டிலேயே அச்சத்தின் கையும் படுகின்றது.

அதன் விளைவை 1998-இல் வெளிவந்த சோதனையொன்று விளக்கிற்று. நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையை நீந்திக் கண்டுகொள்ள எலிகள் பயிற்றப்பட்டன. மறுநாள் தேர்வுக்கு முப்பது நிமிடம் முன்னர்ச் சிறு மின்னதிர்ச்சி ஊட்டப்பட்டவை மேடையிருந்த இடத்தைத் தேடித் தடுமாறின. இரண்டு நிமிடம் முன்னரோ, நான்கு மணி நேரம் முன்னரோ அதிர்ச்சியுற்றவை தடுமாறவில்லை. ஹார்மோன் ஊறுவதை மருந்தால் தடுத்தபோது முன்னவற்றின் தடுமாற்றமும் நீங்கிற்று. இதனாற் பெறப்படுவது யாது? கற்றது அழிந்திலது, அதனை எடுத்துவரும் வாயிலே சிறிது பொழுது அடைபட்டது.

ஆயின், கிளர்ச்சி யாவும் தீதென்று கொள்ளற்க. அளவான கிளர்ச்சி கற்றதை உள்ளத்தில் ஊன்றச் செய்யும். அளவிறந்ததும் நெடிது நீடிப்பதுமே கேடு விளைப்பன. கார்ட்டிசால் நெடுங்காலம் மிகுந்து நிற்கும் குஷிங் நோயில் ஹிப்போகாம்பஸ் சுருங்குதலும், நோய் தணிந்தபின் ஓரளவு மீள வளர்தலும் மருத்துவர் கண்ட உண்மைகள்.

கலிபோர்னியாவில் எட்வர்டு டோல்மன் என்னும் உளநூலார் 1948-லேயே இதனை வேறொரு வழியால் உணர்த்தினார். உள்ளத்தில் எழும் நிலப்படம் விரிந்ததாகவும் இருக்கலாம், ஒற்றையடிப் பாதை போற் குறுகியதாகவும் இருக்கலாம். மிகையான தூண்டுதலும் ஏமாற்றமும் அதனைக் குறுக்கிவிடும் என்பது அவர் கருத்து. ஆதலின் இளையோரை மிகையாக நெருக்கலாகாது என்று அவர் வற்புறுத்தினார்.

மாணவராகிய நாம் இதனின்று கொள்ளத்தக்கன இரண்டு. தேர்வறையிற் கற்றது தோன்றாதபோது, "யாம் அறிவிலேம்" என்று முடிவு கட்டலாகாது. உள்ளம் அமைதியுறின் அடைபட்ட வாயில் மீளத் திறக்கும். பிற்காலத்து நம்மில் ஆசிரியராவார், அச்சுறுத்திக் கற்பித்தல் விரிந்த அறிவைக் குறுக்குவதாகும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அன்பின் முன் அச்சம் நில்லாது என்பது திருமறையின் துணிபு. அவ்வன்பு வகுப்பறைக்கும் உரியதே.