வகை மாறாமல் தரவைக் காப்போம்: ஜேசனும் பைத்தான் பொருள்களும்

முன்னுரை

நம் இலக்கண நூலார் வழுவை ஏழாக வகுத்தனர். அவற்றுள் முதலாவது திணைவழு. 'பசு வந்தாள்' என்னும் தொடரில் எழுத்துப்பிழை ஏதுமில்லை. எனினும் தொடர் தவறு. எழுவாய்க்கும் பயனிலைக்கும் திணையில் இயைபில்லை. கணினி நிரலில் நேரும் பிழையையும் நாம் 'வழு' என்றே வழங்குகிறோம். ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு செல்லும்போது நேரும் வழுக்களுள் பல இத்தகையவையே: எழுத்து சரி, வகை தவறு. இவற்றைத் தவிர்க்கும் முறையை ஜேசன், பைத்தான் ஆகியவற்றைக் கொண்டு இங்கு விளக்க விழைகிறேன்.

ஜேசன் எதைச் சுமக்கும்?

டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2000களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய ஜேசன், தரவை வெறும் உரையாக எழுதும் முறை. இதில் ஆறு வகைகளே உண்டு: சரம், எண், மெய் அல்லது பொய், வெறுமையைக் குறிக்கும் 'நல்', பட்டியல், பெயரும் மதிப்பும் இணைந்த தொகுதி. நாளுக்கெனத் தனி வகை இல்லை. தமிழ்ப் பேரவை உறுப்பினர் ஒருவரின் கற்பனைப் பதிவு இதோ:

{
"பெயர்": "கயல்விழி",
"அஞ்சல்_குறியீடு": "01000",
"சேர்ந்த_நாள்": "2024-09-30",
"கட்டணம்": 10,
"குழுக்கள்": ["விவாதம்", "நாடகம்"]
}

பெர்லிஸ் மாநிலத்தின் கங்கார் நகருக்குரிய அஞ்சல் குறியீடு 01000. இதை எண்ணாகக் கொண்டால் முன்னிற்கும் சுழியம் மறைந்து 1000 ஆகிவிடும். மேற்கோள் குறியின்றி 01000 என எழுதுவதோ ஜேசன் விதிப்படியே தவறு. மலேசிய அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். அதன் 12 இலக்கங்கள் பிறந்த ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களோடு தொடங்குகின்றன. ஆகவே 2003இல் பிறந்தவரின் எண் 03 எனத் தொடங்கும். எண் வகையில் சேமித்தால் 11 இலக்கமே மிஞ்சும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத இலக்க வரிசை எதுவாயினும் அதைச் சரமாகவே வைப்பது நன்று.

பொருளாக மாற்றுதல்

பைத்தானின் ஜேசன் தொகுப்பிலுள்ள 'லோட்ஸ்' செயற்கூறு, மேற்கண்ட உரையை ஓர் அகராதியாக மாற்றித் தரும். ஆனால் அந்த அகராதியில் எந்தப் புலங்கள் இருக்க வேண்டும் என்பது பைத்தானுக்குத் தெரியாது. ஒரு புலத்தின் பெயர் பிழையாக இருந்தாலும், அதைத் தேடும் வரி இயங்கும்வரை வழு வெளிப்படாது.

இதற்குத் தீர்வாக 2018இல் வெளிவந்த பைத்தான் 3.7 'டேட்டாகிளாஸ்' என்னும் வசதியைத் தந்தது. 'உறுப்பினர்' என்றொரு வகுப்பை அமைத்து, ஒவ்வொரு புலத்துக்கும் வகையைக் குறிக்கலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். அகராதியை இவ்வகுப்பிடம் ஒப்படைத்தால், இயல்பு மதிப்பு தரப்படாத புலம் விடுபட்டிருந்தாலும் அறியாத புலம் வந்தாலும் உடனே பிழை எழும்.

எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் குறித்த வகையை டேட்டாகிளாஸ் சரிபார்ப்பதில்லை. சரம் என்று குறித்த இடத்தில் எண் வந்தாலும் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே 'பதிவிலிருந்து' என ஒரு செயற்கூறு எழுதி, சரிபார்ப்பையும் மாற்றத்தையும் அந்த ஓரிடத்திலேயே செய்ய வேண்டும் என்பது என் பரிந்துரை. நாளுக்குரிய சரத்தை 'ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்' கொண்டு மாற்றினால், 2024-09-31 போன்ற இல்லாத நாள் வாயிலிலேயே தடுக்கப்படும்.

கட்டணப் புலமும் கவனத்திற்குரியது. சுழியம் என்றால் கட்டண விலக்கு. 'நல்' என்றால் இன்னும் செலுத்தவில்லை. புலமே இல்லையென்றால் பதிவு முழுமையற்றது. எது எதைக் குறிக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்து வகுப்பில் எழுதிவிட வேண்டும். இல்லையேல் விலக்குப் பெற்றவருக்கும் நினைவூட்டல் கடிதம் போகும்.

2017இல் தோன்றிய 'பைடான்டிக்' என்னும் நிரலகம் இப்பணிகளில் பெரும்பகுதியைத் தானே செய்யும். ஆனால் எண் வேண்டிய இடத்தில் "10" என்ற சரம் வந்தால், இயல்பாக அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். அது வேண்டாவிடில் கண்டிப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

மீண்டும் ஜேசனாக

திரும்பும் வழியில் 'ஆஸ்டிக்ட்' செயற்கூறு பொருளை அகராதியாக்கும். 'டம்ப்ஸ்' அதை உரையாக்கும். நாள் வகையை 'டம்ப்ஸ்' ஏற்காது; முன்கூட்டியே அதைச் சரமாக்க வேண்டும். மாறாப் பட்டியலாகிய 'டப்பிள்' சாதாரணப் பட்டியலாகவும், அகராதியின் எண் திறவுகோல்கள் சரங்களாகவும் மாறிவிடும். இம்மாற்றங்களுக்கு எச்சரிக்கை ஏதும் வராது.

தமிழ் எழுத்துகளை 'டம்ப்ஸ்' இயல்பாகக் குறியெண்களாக எழுதும். 'தமிழ்' என்ற சொல் ஐந்து யுனிகோடு குறிகளால் ஆனது; ஒவ்வொன்றும் ஆறு எழுத்துகளாக விரிந்து மொத்தம் 30 ஆகும். தரவு கெடுவதில்லை, ஆனால் கோப்பைத் திறந்து படிக்க இயலாது. 'என்ஷுர் ஆஸ்கி' என்பதைப் பொய் என அமைத்து, யுடிஎஃப்-8இல் சேமித்தால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

முடிவுரை

இறுதியாக ஒரு சோதனை. பொருளை ஜேசனாக்கி, அதை மீண்டும் பொருளாக்கி, இரண்டும் சமமா எனப் பாருங்கள். சமமில்லையெனில் எங்கோ வகை மாறியிருக்கிறது. பேரவைகளின் உறுப்பினர் பட்டியல் செயற்குழுவுக்குச் செயற்குழு கைமாறும் சொத்து. அதில் ஒரு சுழியம் உதிர்ந்தால், ஆண்டுவிழா அழைப்பு கங்காரிலுள்ள முன்னாள் மாணவரைச் சென்றடையாமற் போகலாம். அடுத்து வரும் தம்பி தங்கையரிடம் பட்டியலை ஒப்படைக்குமுன், வகைகளையும் வரையறுத்து எழுதிக் கொடுப்போம்.