பயிற்சிக்குப் போகும் மகளுக்கு



குற்றாலத்தில் கணினி அறிவியல் படிக்கிறாய். இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னை போவதா, தென்காசியிலேயே பார்ப்பதா, வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் முடித்துவிடுவதா என்று கேட்டிருந்தாய். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

ஊரை வைத்து முடிவு செய்யாதே. கம்பெனியின் பெயரை வைத்தும் வேண்டாம். நீ எழுதும் புரோகிராமை, விஷயம் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படித்து, "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கும் இடம் எதுவோ, அங்கே போ. மற்றதெல்லாம் அப்புறம்.

கல்லூரி லேபில் அவுட்புட் வந்தால் போதும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும். அந்த புரோகிராமை மறுநாள் யாரும் திறக்கப் போவதில்லை. வேலை செய்யும் இடத்தில் கதை வேறு. குற்றால சீசனுக்கு அறை முன்பதிவு செய்யும் ஒரு படிவத்தை நீ எழுதுவதாக வைத்துக்கொள். ஊர்ப் பெயருக்கு 20 பைட் இடம் ஒதுக்கியிருக்கிறாய். ஆங்கிலத்தில் தென்காசி என்று அடித்துப் பார்க்கிறாய். ஏழு எழுத்து, ஏழு பைட், சரியாகச் சேமிக்கிறது. டெஸ்ட் பாஸ். பிறகு ஒருவர் தமிழில் "குற்றாலம்" என்று அடிக்கிறார். நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. யூனிகோடிலோ காலும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் 9. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 27. இருபதாவது பைட்டில் வெட்டினால் "குற்றா" வரை 18 பைட் முழுதாக நிற்கும். மீதி இரண்டு பைட்டில் "ல" பாதியில் அறுபட்டு, திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாக வந்து நிற்கும்.

இதைத் தேர்வில் யாரும் கேட்க மாட்டார்கள். கோட் ரிவ்யூவுக்கு உட்காரும் சீனியர் கேட்பார்: "20 என்றால் எழுத்தா, பைட்டா? தமிழில் அடித்துப் பார்த்தாயா?" ஒருமுறை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறியவள் பிறகு எந்தப் படிவத்தையும் பழைய கண்ணோடு எழுத மாட்டாள். நான் சொல்லும் பயிற்சி இதுதான். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காமல் இது வராது.

நம் ஊரில் இதற்கு வழி இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-ல் தென்காசியில் சிறிய அளவில் ஓர் அலுவலகம் தொடங்கியது. இன்று அந்த அலுவலகம் இருக்கும் மத்தளம்பாறை என்றால் சென்னையில் இருப்பவர்களுக்கும் தெரிகிறது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கே உருவாக்கப்பட்டு 2016-ல் வெளிவந்து உலகம் முழுக்க விற்கிறது. 2005-ல் சென்னையில் அவர்கள் ஆறு மாணவர்களோடு தொடங்கிய பள்ளி தென்காசியிலும் நடக்கிறது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் கொடுத்து இரண்டு ஆண்டு பழக்குகிறார்கள். அதில் இரண்டாம் ஆண்டு முழுக்க நிறுவனத்துக்குள் வேலையோடு வேலையாகப் பயிற்சி.

இது உனக்கு எதற்கு என்கிறாயா? அப்படிப்பட்ட இடத்துக்கு நீ பயிற்சிக்குப் போனால், உனக்குச் சொல்லித்தரும் பெண் வயதில் உன்னைவிடச் சின்னவளாக, பட்டம் இல்லாதவளாக இருக்கலாம். கூச்சப்படாமல் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார். தொழிலில் மூப்பு என்பது எத்தனை தப்பைத் திருத்தினோம் என்பதில் இருக்கிறது.

பெரிய இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளராதே. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலும் புளியங்குடி எலுமிச்சை மண்டியிலும் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த மாதிரி வியாபாரத்துக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் நான்கு பேர் கொண்ட கம்பெனியில் நீ கற்றுக்கொள்வது குறைவாக இராது. பில் தப்பாக வந்தால் மண்டிக்காரர் அன்றைக்கே போன் போடுவார். கற்பதற்கு அதைவிட நல்ல சூழல் எது? கேட்டுப் படிக்க ஒரு சீனியர் மட்டும் அங்கே இருக்க வேண்டும்.

போகக் கூடாத இடம் ஒன்று உண்டு. பணம் கட்டினால் பதினைந்து நாளில் சான்றிதழ், இன்னும் கொஞ்சம் கட்டினால் முடித்த ப்ராஜெக்டும் ரிப்போர்ட்டும் கையில் என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடிகளில் போர்டு தொங்குகிறதே, அதைச் சொல்கிறேன். அங்கே கட்டுவது உன் அப்பா கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம். வைவாவில் முதல் கேள்வியைத் தாண்டிவிடலாம், வேலை நேர்முகத்தில் இரண்டாம் கேள்வியைத் தாண்ட முடியாது. கட்டணம் கேட்கும் பயிற்சியை நான் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பயிற்சிக் காலம் குறைவு என்ற உன் வருத்தம் நியாயமானது. கனடாவில் 1957-ல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் ஆரம்பத்திலிருந்தே படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வேலைப் பருவமும் நான்கு மாதம். நம் பாடத்திட்டம் தரும் சில வாரங்களில் ஒரு புரோகிராமைத் திறந்து யார் எங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று புரிவதற்குள் விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. ஆனால் பட்டம் வாங்கிய பின்னும் ஒரு வழி இருக்கிறது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டுப் பட்டதாரிகளுக்கும் வந்தது. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிந்தால் பொதுவாக ஓராண்டு பயிற்சி கிடைக்கும். 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. இந்தத் திட்டத்தை நடத்தும் தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் போதிய அளவு பதியவில்லை என்பது என் ஆதங்கம்.

உன்னைப் பயிற்சிக்கு அனுப்ப அம்மா கவலைப்படுகிறாள் என்றாய். சேரும் முன் வேலை நேரம், உதவித்தொகை, வழிகாட்டியின் பெயர் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். அசல் மார்க் ஷீட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதே. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ன் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களையும் காக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்கும் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. அம்மாவிடமும் இதைச் சொல்.

ஏஐயிடம் கேட்டு எழுதலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த நிறுவனம் அனுமதித்தால் எழுது. ஆனால் அது தந்த வரிக்கும் "ஏன்?" என்று கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாத வரியை உள்ளே விடாதே. முதல் வாரம் புதிதாக எதுவும் எழுதத் துடிக்காமல், அங்கே ஏற்கெனவே இருப்பதைப் படி.

சேர்ந்ததும் எனக்கு எழுது. கேன்டீனும் ஏசியும் எப்படி என்பதைப் பிறகு சொல்லலாம், உன் புரோகிராமை யார் படிக்கிறார் என்பதை முதலில் எழுது. யாரும் படிக்கவில்லை என்றால் இரண்டாம் வாரமே சொல், வேறு இடம் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பெரியப்பா