டிஜிட்டலா, அனலாகா? – தொலைக்காட்சிப் பெட்டி வாங்குமுன்

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

அறிவியல் வளர வளர மனிதனின் வசதிகளும் வளர்கின்றன என்று பள்ளிக் கட்டுரைகளில் நாம் அனைவரும் எழுதியிருக்கிறோம். வசதிகளோடு குழப்பங்களும் சேர்ந்தே வளர்கின்றன என்பதை மட்டும் எழுத மறந்துவிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு குழப்பத்தை எடுத்துக்கொண்டு, நம் பாடநூலில் படித்த இயற்பியலைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தையார் கொத்தனாருக்குக் கையாளாகச் செல்பவர். தாயார் தோவாளைப் பூச்சந்தையில் பூ வாங்கிச் சரம் தொடுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். தமிழக அரசு 2006 ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டிதான் எங்கள் வீட்டில் இருந்தது. நான் வளர்ந்ததும் அதுவும் ஒன்றாகவே.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியது. மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, பல நாட்கள் ஊர் இருளில் கிடந்தது. மின்சாரம் திரும்பிய பிறகு பெட்டியைப் போட்டால் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். "இனி எல்லாம் டிஜிட்டல், பழைய டிவி ஓடாது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அதை நம்பினார்.

அம்மையின் கம்மலை அடகு வைத்து ரூ.4,000 முன்பணம், மீதி ரூ.8,500 பத்து மாதத் தவணை. கடையில் அப்பா, "இதுக்கு வேற பெட்டி ஒண்ணும் வேண்டாம் இல்லியா?" என்று கேட்டார். "இது டிஜிட்டல் டிவி அண்ணாச்சி, எல்லாம் உள்ளேயே இருக்கு" என்றார் விற்றவர். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ படிக்கிறவன்லா மக்கா, அட்டைப்பெட்டியில என்ன போட்டிருக்குன்னு வாசி பாப்போம்" என்றார். ஏழாம் வகுப்பில் படித்த நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு மூலையில் 'டிஜிட்டல்' என்ற சொல் இருந்தது. "போட்டிருக்குப்பா" என்றேன். பணம் கைமாறியது.

வீட்டில் புதுப் பெட்டியைப் பொருத்தியபோதும் அதே வெள்ளைப் புள்ளிகள்தாம். சில நாட்களில் கேபிள்காரர் ஒரு செட் டாப் பாக்ஸ் கொண்டுவந்து இணைத்த பிறகே படம் வந்தது. பழைய பெட்டியை ஆரல்வாய்மொழியிலிருந்த மாமா எடுத்துச் சென்றார். 2019 பொங்கலுக்கு அவர் வீட்டிற்குப் போனால், அதே 14 அங்குலப் பெட்டி ஒரு செட் டாப் பாக்சுடன் அழகாக ஓடிக்கொண்டிருக்கிறது! அப்பா சற்று நேரம் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அட்டைப்பெட்டியில் நான் வாசித்த சொல் ஒலியமைப்பைக் குறித்தது என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

அனலாக் என்பது யாது?

படத்தின் ஒளி கூடுவதும் குறைவதும் எப்படியோ, அப்படியே மின்னலையின் வீச்சும் தொடர்ச்சியாகக் கூடிக் குறையுமாறு செய்து அனுப்புவது அனலாக் முறை. நம் நாட்டில் பின்பற்றப்பட்ட பால் முறையில் ஒரு படச் சட்டத்திற்கு 625 கிடைக்கோடுகள். நொடிக்கு 25 சட்டங்கள். படம் வீச்சுப் பண்பேற்றத்திலும், ஒலி அதிர்வெண் பண்பேற்றத்திலும் அனுப்பப்பட்டன.

நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் இன்றும் ஒன்று சொல்வார்கள். 1980களில் வீட்டுக்கூரையில் நீண்ட கம்பில் ஆண்டெனாவைக் கட்டி, ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் திருப்பினால் 1982 இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினி என்று பார்த்தார்களாம். காற்றடித்தால் படத்தில் புள்ளி விழும். ஆனாலும் ஆள் தெரியும். அனலாக்கின் இயல்பு இதுவே. அலை நலிய நலியப் படமும் சிறிது சிறிதாக நலியும். வழியில் கலந்த இரைச்சலைப் படத்திலிருந்து பிரிக்கப் பெட்டிக்கு வழியில்லை.

டிஜிட்டல் என்பது யாது?

என் அம்மையின் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். பூச்சரத்தை முழம் போட்டு அளக்கலாம். பூக்களை எண்ணியும் அளக்கலாம். முழம் அளப்பவரின் கையைப் பொறுத்து மாறும். எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எண்ணிக்கையோ யார் எண்ணினாலும் நூறு நூறுதான். அனலாக் என்பது முழம்; டிஜிட்டல் என்பது எண்ணிக்கை.

டிஜிட்டல் முறையில் படம் 720 × 576 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் நிறமும் எண்ணாக மாற்றப்படுகின்றன. அந்த எண்கள் 0, 1 என்ற பிட்டுகளாகச் செல்கின்றன. நொடிக்கு 25 படங்கள் எனில் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு 16 பிட் எனக் கொண்டால் ஏறத்தாழ 16 கோடி பிட்டுகள். இதை அப்படியே அனுப்ப முடியாது. ஆனால் செய்தி வாசிப்பவரின் பின்னாலுள்ள திரைச்சீலை ஒரு சட்டத்திற்கும் அடுத்த சட்டத்திற்கும் மாறுவதில்லை அல்லவா? மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். இவ்வாறு சுருக்கும் முறைகளுள் ஒன்றே எம்பெக்-2. சுருக்கியபின் சில பத்து லட்சம் பிட்டுகளே மிஞ்சும். ஆகவே, ஓர் அனலாக் அலைவரிசை பிடித்திருந்த இடத்தில் பத்துக்கு மேற்பட்ட டிஜிட்டல் அலைவரிசைகளை அடக்க முடிகிறது.

பிழைகளைத் திருத்துவதற்கென்றே கூடுதல் பிட்டுகளும் உடன் செல்கின்றன. எனவே இரைச்சல் ஓரளவு கலந்தாலும் படம் கெடுவதில்லை. ஆனால் அளவு மீறினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும். 'டிஜிட்டலில் புள்ளி விழாது. விழுந்தால் படமே விழும்' எனலாம்.

குழப்பம் எங்கே பிறக்கிறது?

ஒரே 'டிஜிட்டல்' என்ற சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதால்தான் குழப்பம் பிறக்கிறது.

முதலாவது, ஒளிபரப்பு. 1995 ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011 இல் திருத்தப்பட்டு, கேபிள் முழுவதும் டிஜிட்டலாக வேண்டும் என்றாயிற்று. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு; கிராமங்களுக்குப் பலமுறை தள்ளி 2017 மார்ச் 31. தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனத்திற்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இலவச செட் டாப் பாக்ஸ் வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது.

இரண்டாவது, ஏற்பி. டிஜிட்டல் அலையை வாங்கிப் படமாக்கும் பகுதி இது. பெட்டிக்கு வெளியே செட் டாப் பாக்சாகவும் இருக்கலாம், பெட்டிக்குள்ளேயும் அமைந்திருக்கலாம். உள்ளே இருந்தாலும், கட்டண அலைவரிசைகள் பூட்டப்பட்டே வருகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி கேபிள் நிறுவனம் தரும் பாக்சில்தான் இருக்கிறது. 'டிஜிட்டல் டிவி' வாங்கியும் எங்களுக்கு பாக்ஸ் தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

மூன்றாவது, திரை. கனத்த கண்ணாடிக் குழாயா, தட்டையான எல்.இ.டி. திரையா என்பது வேறு கேள்வி. திரை தட்டையாக இருப்பதாலேயே டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெற்றுவிட முடியாது. குழாய்த்திரைப் பெட்டி டிஜிட்டலுக்கு உதவாது என்பதும் தவறு. செட் டாப் பாக்ஸ் டிஜிட்டல் அலையை வாங்கி, மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளின் வழியாக அனலாக்காகவே வெளியே தருகிறது. அந்தத் துளைகள் உள்ள எந்தப் பழைய பெட்டிக்கும் அது போதும். மாமா வீட்டில் நாங்கள் கண்டதன் விளக்கம் இவ்வளவுதான்.

பிற நாடுகளில்

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 17 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதாக இருந்தது. மக்கள் ஆயத்தமாகவில்லை என்பதால் அவ்வாண்டு ஜூன் 12க்குத் தள்ளிவைத்தார்கள். ஆண்டெனாவை நம்பியிருந்த வீடுகள் புதிய பெட்டி வாங்காமலே மாற்றுக் கருவி வாங்கிக்கொள்ள, அரசே 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை வழங்கியது. நம் நாட்டில் தூர்தர்ஷனும் 2022 மார்ச்சுக்குள் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பில் மிகப் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

1. பழைய பெட்டி உண்மையிலேயே பழுதா? வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் திரை வேலை செய்கிறது என்றே பொருள், அலைதான் வரவில்லை. முதலில் ஒரு செட் டாப் பாக்சை இணைத்துப் பாருங்கள்.

2. நம் வீட்டுக்குப் படம் எவ்வழி வருகிறது? கேபிளா, தனியார் டி.டி.எச்.சா, மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷா, இணையமா? இதை அறிந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.

3. உள்ளே ஏற்பி உண்டு என்றால் எவ்வகை? டி.வி.பி. என்ற எழுத்துகளை அடுத்து டி2 என்றிருந்தால் தரைவழி, சி என்றிருந்தால் கேபிள், எஸ்2 என்றிருந்தால் செயற்கைக்கோள். செயற்கைக்கோள் ஏற்பி உள்ளமைந்த பெட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 இல் தனித் தரம் வகுத்துள்ளது. பூட்டில்லாத இலவச அலைவரிசைகளுக்கே இது உதவும்.

4. புள்ளிகள் எத்தனை? 'எச்.டி. ரெடி' என்பது பொதுவாக 1366 × 768, அதாவது ஏறத்தாழ 10 லட்சம், 'ஃபுல் எச்.டி.' ஏறத்தாழ 20 லட்சம். '4கே' ஏறத்தாழ 83 லட்சம். சாதாரண அலைவரிசை தருவதோ 4 லட்சம்தான். வராத புள்ளியைத் திரை புதிதாகப் படைத்துவிடாது.

5. 'ஸ்மார்ட்' என்பது இணைய வசதி. அதற்கும் கேபிள் ஏற்பிக்கும் தொடர்பில்லை.

முடிவுரை

எங்கள் வீட்டுப் புதுப் பெட்டிக்கும் பல ஆண்டுகள் மஞ்சள் கம்பியிலேயே படம் வந்தது. டிஜிட்டலாக வந்த படம் அனலாக்காக மாறி, மீண்டும் டிஜிட்டலாகித் திரைக்குச் சென்றுகொண்டிருந்தது. சென்ற ஆண்டு பண்பேற்றப் பாடம் நடந்த வாரத்தில் எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்று வாங்கி மாற்றினேன். "முகம் தெளிஞ்சு தெரியுதே மக்கா" என்றார் அப்பா. படித்த படிப்பால் அவருக்கு நான் செய்த முதல் உதவி அது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். கடையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நம் பெற்றோர் நம்மைத்தான் கேட்கிறார்கள். எழுத்தை வாசிப்பது வேறு, பொருளை அறிவது வேறு. அன்று நான் எழுத்தை மட்டும் வாசித்தேன்; அதன் விலை பத்து மாதத் தவணை. பொருள் தெரியாத இடத்தில், "தெரியவில்லை அப்பா, விசாரித்துவிட்டு வாங்குவோம்" என்று சொல்லும் துணிவும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.