கர்னல் சார் போன பிறகு

எங்கள் கர்னல் சார் அண்மையில் காலமானார். வேலூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நிறைய. அதனால் அவர் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மாலை போட்டோம், பழைய தொப்பியோடு வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். ஆனால் காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் நிஜமான வேலை. அதைச் செய்ய எங்களைப் பழக்கியவரும் அவர்தான்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக ஓய்வு பெற்றவன். வெலிங்டனில் பயிற்சி முடித்துப் பட்டாலியனுக்குப் போனபோது அவர் என் கம்பெனி கமாண்டர். நான் ஜே.சி.ஓ. (இளநிலை ஆணை அதிகாரி) ஆன நாளிலிருந்து என்னை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவார். ஓய்வுக்குப் பிறகும் அது மாறவில்லை. எங்காவது ஒரு ஜவான் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் உடனே போன் வரும்: “சாப், அந்த வீட்டம்மா பேரு பி.பி.ஓ.வுல சரியா இருக்கான்னு பாத்தீங்களா?”

பி.பி.ஓ. என்றால் ஓய்வூதிய ஆணை. அந்தக் கேள்வியின் அருமை, இறந்தவரின் மனைவிக்குத் துணையாக அலுவலகம் போனவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் யூனிட்டில் கொடுத்த பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது வேறொன்று. எழுத்து மாறியிருந்தாலே குடும்ப ஓய்வூதியம் இழுபடும். கணவர் உயிரோடு இருக்கும்போது ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதித் திருத்துவது எளிது. பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு மேசையிலும், தான்தான் அவருடைய மனைவி என்று சொல்லி நிற்க வேண்டும். அதைப்போல மனசை அறுப்பது வேறில்லை. வீட்டில் ஓய்வூதியர் இருந்தால் இன்றைக்கே பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள்.

கர்னல் சார் தன் வீட்டில் எதையும் பாக்கி வைக்கவில்லை. பி.பி.ஓ., ஆதார், கூட்டு வங்கிக் கணக்கு, ஓய்வூதிய இணையதளமான ‘ஸ்பர்ஷ்’ விவரம், இ.சி.ஹெச்.எஸ். மருத்துவ அட்டைகள் எல்லாம் ஒரே கோப்பில். அதனால் நாங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிந்து, சான்றிதழில் பல பிரதிகள் வாங்கினோம். ஸ்பர்ஷில் தகவல் கொடுத்தோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் சொன்னோம். இறந்த தேதிக்குப் பிறகு அவர் கணக்கில் ஓய்வூதியம் விழுந்தால் எடுக்க வேண்டாம், அது திரும்பப் போக வேண்டிய பணம் என்று சாரின் மனைவியிடம், எங்கள் மேடத்திடம், முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

பண விஷயத்தை மறைக்காமல் பேசிவிட வேண்டும். சாருக்கு 67 வயது எப்போதோ தாண்டிவிட்டதால் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற உயர்த்திய விகிதம் மேடத்துக்குக் கிடையாது. 30 சதவீதம்தான். சாருக்கு வந்ததில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. மேடத்துக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடும். இதைத் துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று பலர் தயங்குவார்கள். நாம் சொல்லாவிட்டால் முதல் மாதம் பாஸ்புக்கைப் பார்த்து அவர்கள் தனியாகத் திகைப்பார்கள்.

இன்னொன்று. இரங்கல் கூட்டத்தில் பதக்கங்களை வரிசையாகப் படிக்காதீர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். 1971 டிசம்பர்ப் போரில், ஷகர்கர் முனையில், கண்ணிவெடி வயலைத் தாண்டிப் போனபோது சார் இரண்டாம் லெப்டினன்ட். அடிபட்ட சிப்பாய் ஒருவரைத் தோளில் சுமந்து வந்தவர், அதைப் பற்றி வீட்டில் வாய்திறந்ததே இல்லை. மெஸ்ஸில் மூத்த ஜே.சி.ஓ. சாப் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதைக் கேட்டுவிட்டு அவருடைய பேரன் என்னை விடவில்லை. அந்தச் சிப்பாய் பிழைத்தாரா, எந்த ஊர் என்று ராத்திரிவரை கேட்டுக்கொண்டிருந்தான். பிழைத்தார். சார் ஓய்வு பெறும்வரை கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

மேடத்தின் உயிர்வாழ் சான்றுக்கு நவம்பரில் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு நாயக்கின் மனைவிக்குப் பெயர்த் திருத்தம் பாதியில் நிற்கிறது. சார் பார்த்துக்கொண்டிருந்த வேலை அது. அடுத்த வாரம் அந்த அம்மாவோடு அலுவலகம் போகிறேன்.